சம்மதத்தோடு போன அம்மன்

என் செல்லப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதிவிடலாம், என் இடது முழங்கால் மட்டும் எனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், எங்கள் வீட்டில் மாடியே இல்லை என்றேன், அப்படியானால் ரொம்ப நல்லது என்று சந்தோஷமாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கப்பாவுக்குச் சர்க்கரை அளவாக இருக்கிறது, வாய்தான் அளவில்லாமல் போகிறது. இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே போதும், அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார். நான் போனோடு சமையலறைக்குப் போனால் அவருக்குத் தாகம் எடுக்கிறது, கொல்லைப்புறம் போனால் செடிக்குத் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. ஆனால் உன் பேரை மட்டும் வாயால் சொல்ல மாட்டார், அந்த வைராக்கியத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் கை வைக்க மாட்டார். ஆயுசு முழுக்கப் போஸ்ட்மாஸ்டராக இருந்த மனுஷர், உறைக்கு உள்ளே இருப்பது அடுத்தவர் சொத்து என்பதுதான் அவருடைய வேதம். நான் எழுதி ஒட்டி மேஜைமேல் வைத்துவிடுவேன், காலையில் நடக்கப் போகும்போது அவரே ஸ்டாம்பு ஒட்டிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுவார். யாருக்கு என்று கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது.

போன கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். குட்டிக்குப் பள்ளிக்கூட லீவு வருகிறது, கூட்டிக்கொண்டு வரட்டுமா, அதுவும் திருவிழா அன்றைக்கு இல்லை, சாதாரணமாக ஒரு நாள், எல்லா வீட்டுப் பெண்களும் பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா, அப்பா உள்ளே விடுவாரா என்று. இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வா என்று நான் சொல்லி நீ அத்தனை தூரம் வந்து, அந்தப் பிஞ்சையும் உன்னையும் வாசலில் நிற்க வைத்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வேன்? இந்தத் தடவை என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் கோயிலில் நடந்த கூத்தைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உனக்குப் பாதி புரியும், மாப்பிள்ளைக்குச் சுத்தமாகப் புரியாது. ஆகவே அவருக்கும் சேர்த்து ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நீ படித்துக் காட்டு, உனக்குத் தெரிந்த இடம் வந்தால் பொறுத்துக்கொள்.

நம் ஏரிக்கரை அம்மன் ஆகாயத்திலிருந்து குதித்தவள் இல்லை, இதே ஊரில் பெரிய வீட்டில் பிறந்த பெண். ஏரி வெட்ட வந்த கூட்டத்தில் ஒருவனைப் பிடித்துப்போய் அவனோடு போய்விட்டாள். அடுத்த வருஷம் இடுப்பில் குழந்தையோடு திரும்பி வந்தாள். பெற்றவர் கதவைச் சாத்தினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீடு சாத்தியது, அதைப் பார்த்து எதிர்வீடு, அப்படியே தெரு முழுக்க ஒரு கதவு பாக்கியில்லை. குழந்தைக்குத் தண்ணீர் கேட்டாளாம், ஒருத்தரும் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. வெயில் சாய்கிறவரை நின்று பார்த்துவிட்டு ஏரிக்கரை மரத்தடிக்குப் போனாள், அதற்குப் பிறகு அவளையும் குழந்தையையும் கண்டவர் இல்லை. அந்த வருஷம் ஏரி வறண்டது, அடுத்த வருஷமும் வறண்டது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியதும்தான் நம் ஊருக்குப் பாசம் பொங்கியது. கூட்டமாகப் போய் அந்த மரத்தடியில் அவளுக்கு ஒரு கல்லை நட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உயிரோடு இருந்தபோது ஓடுகாலி, கல்லானதும் தாயே! யாரோ ஒருத்திமேல் இறங்கி அவள் சொன்னாளாம், உங்க வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன், என் வீட்டுக்கும் கதவு வைக்காதீங்க என்று. அதனால்தான் நம் கோயிலுக்குக் கதவு கிடையாது. நாய்கூட உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், பூசாரி விரட்ட மாட்டார், விரட்டுவதென்றால் எழுந்திருக்க வேண்டுமே.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் அவளை அழைக்கப் போகும், அதுதான் திருவிழா. ஊர் சார்பில் ஒரு பெரிய மனுஷர் அவள் எதிரில் நின்று, கதவைச் சாத்தினது நாங்க, தப்பு எங்க மேல, வீட்டுக்கு வாம்மா என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அவள் தோளில் வைத்திருக்கிற பூ கீழே விழுந்தால் மனசு இரங்கிவிட்டாள் என்று அர்த்தம். உடனே சின்னச் சிலையைச் சப்பரத்தில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள். அவள் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டாள், வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். சாயங்காலம் ஏரிக்கரைக்குத் திரும்புகிறவரை ஊரில் ஒரு கதவும் சாத்தக்கூடாது, எவர் எந்த வீட்டுக்குள் வந்தாலும் தண்ணீர் கொடுக்க வேண்டும், ஏன் வந்தாய் என்று கேட்கக்கூடாது. இது சட்டம். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்களெல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். நம் தையல்காரம்மா மகள் வருஷா வருஷம் வந்து, தாயார் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, தையல் மிஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் போய்விடுவாள். அப்பன்காரன் அந்த நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். பார்த்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை, எந்தக் காலத்திலோ பிடித்தவனோடு போனவளுக்கு இந்த ஊர் கற்பூரம் காட்டும், நேற்றுப் போனவளுக்குக் கதவைக் காட்டும். உங்கள் பெண்டாட்டி ஒருத்திதான் அந்த நாளில்கூட வந்ததில்லை. ஒரு நாளைக்கு மட்டும் திறக்கிற கதவு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரோஷத்தில் அப்பனை உரித்து வைத்திருக்கிறாள், வேறென்ன சொல்ல.

இனிமேல் இந்த வருஷக் கதை. ஹார்டுவேர் கடைக்காரர் கோயிலுக்கு ஒரு கருங்கல் பலகை செய்து தருகிறேன் என்று கிளம்பினார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அம்மன் வரலாறு என்ன என்று கேட்கிறார்களாம், பொன் எழுத்தில் வெட்டி வைத்துவிடலாம் என்றார். ஆனால் ஓடிப்போன கதையை எப்படிக் கல்லில் வெட்டுவது, வயசுப் பெண்கள் வந்து போகிற இடம் என்று விழாக் கமிட்டியில் எல்லாரும் நெளிந்தார்கள். ஹார்டுவேர்க்காரர் வீட்டிலும் ஒரு வயசுப் பெண் இருக்கிறாள், அவள் போனில் சிரித்துப் பேசினாலே மனுஷருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. நீங்க நல்ல தமிழ்ல பக்குவமா எழுதிக் குடுங்க மாஸ்டர் என்று உங்கப்பா தலையில் கட்டினார்கள். தலை ஏற்கெனவே அதற்காகக் காத்திருந்தது. அகராதி, மூக்குக்கண்ணாடி, மணிக்கொரு டீ என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். எழுதினது என்ன என்று கேள். அம்மன் உத்தமமான குலத்தில் பிறந்தாள், பெற்றோர் ஜாதகம் பார்த்து நிச்சயித்த இளவரசனை அவர்கள் சம்மதத்தோடு மணந்தாள், சீர் வரிசையோடு புக்ககம் சென்றாள், பிறகு ஊர்மேல் கொண்ட அன்பால் ஏரிக்கரையில் சிலையாக அமர்ந்தாள். ஏரி வெட்ட வந்தவன் இளவரசனாகிவிட்டான், மண்வெட்டியைப் பிடுங்கிக் கிரீடம் வைத்துவிட்டார். எல்லாம் சம்மதத்தோடு நடந்திருந்தால் அவள் ஏங்க கல்லாகணும் என்று கேட்டேன். அதெல்லாம் தெய்வத் திருவிளையாடல், உனக்குப் புரியாது என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. நம் வீட்டில் நடக்காத கல்யாணத்தை மனுஷர் அந்தக் கல்லில் நடத்திப் பார்த்துக்கொண்டார்.

பலகையைப் பதித்தார்கள், மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். திருவிழாவுக்குக் கமிட்டி கூடியது. உங்கப்பாதான் ரிடையர் ஆனதிலிருந்து அம்மனை அழைக்கிறவர், அந்த முதல் மரியாதைமேல் பால் சொசைட்டி செயலாளருக்கு எப்போதும் ஒரு கண். அவர் எழுந்து பலகையில் இருக்கிறதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, மாஸ்டர் அருமையா எழுதியிருக்கார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம், சம்மதத்தோட சீர் வாங்கிட்டுப் போன பொண்ண எதுக்குங்க நாம போய்க் கூப்பிடணும், அதுக்கு வரணும்னா தானா வருமே என்றார். அவருக்கு வேண்டியதெல்லாம் உங்கப்பா மூக்கை உடைப்பது, உடைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அழைப்பே இல்லையென்றால் வெயிலில் நிற்க வேண்டாம் என்று பூசாரி முகம் மலர்ந்தார். கதவைச் சாத்தவே இல்லை என்றால் கோயிலுக்குக் கதவு வைப்பதில் என்ன தோஷம், கடையில் ஒரு ஷட்டர் சும்மா கிடக்கிறது, உபயமாகத் தருகிறேன் என்றார் ஹார்டுவேர்க்காரர். அன்றைக்கு வீட்டுக் கதவைத் திறந்து போடுகிற வேலையும் மிச்சம் என்றார் இன்னொருவர். ஒரு நூலைப் பிடித்து இழுத்ததில் சேலை முழுக்கப் பிரிந்து வந்துவிட்டது. உங்கப்பா தன் கையால் எழுதி, தன் தலைப்பாகையைத் தானே அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து தையல்காரம்மா எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாம் சரிங்க, சாத்தவே இல்லைன்னா திறக்கிற நாளும் கிடையாது, அப்ப எம் பொண்ணு எந்த நாள்ல வந்து எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிப்பா, அத மட்டும் சொல்லிட்டு நீங்க டீ குடிங்க என்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை, கழுத்தில் தொங்கின அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்காவது வருஷத்தில் ஒரு பகல் இருந்தது, அதையும் என் புருஷன் பொன் எழுத்தில் பிடுங்கிக்கொண்டாரே என்று ஆத்திரமாக வந்தது. கூட்டம் தானாகக் கலைந்தது. வீட்டுக்கு வந்த உங்கப்பா டிவிகூடப் போடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, அந்தப் பொண்ணு வந்தா அவங்கப்பன் என்ன பண்ணுவான் என்று கேட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துப்பான் என்றேன். முட்டாப் பய என்றார். நான் சாதத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன், அங்கே நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் அவரே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாரம் அகராதி புரட்டி எழுதினதை ஒரு சட்டி சிமெண்டில் மூடினார். ஹார்டுவேர்க்காரர் ஓடி வந்து தன் பேரையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினார். ஆகவே இப்போது அம்மன் வரலாறு என்பது உபயம் ஹார்டுவேர் ஸ்டோர்ஸ் என்கிற ஒரு வரிதான், அதுவும் பொன் எழுத்தில். அழைப்பு உண்டு என்று கமிட்டிக்காரர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, பூசாரிக்கு மட்டும் சொல்லவில்லை. இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இருந்துவிட்டார்கள், நம் கமிட்டி வேலை எப்போதும் அப்படித்தானே. இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பூசாரி அந்தப் பூவைத் தோளின் விளிம்பில் சும்மா சாய்த்து வைப்பார், உங்கப்பா வாயைத் திறந்த காற்றுக்கே அது விழுந்துவிடும், அம்மன் உடனே இரங்கிவிடுவாள். இந்த வருஷம் அழைப்பில்லை என்று நினைத்து மனுஷர் பூவை ஈரச் சந்தனத்தில் நன்றாக அப்பி அலங்காரம் பண்ணிவிட்டார்.

ஊரே திரண்டு நிற்கிறது. உங்கப்பா வெள்ளை வேட்டியில் போய் நின்றார். பலகையில ஒண்ணு, வாயில ஒண்ணா மாஸ்டர் என்று பால் சொசைட்டிக்காரர் மெதுவாகச் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற அளவுக்கு மெதுவாக. உங்கப்பா காதில் வாங்கவில்லை. கதவைச் சாத்தினது நாங்க, தப்பு எங்க மேல, வீட்டுக்கு வாம்மா என்றார். பூ அசையவில்லை. மறுபடியும் சொன்னார், அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது, கூப்பிடறவர் மேல கோபமோ என்று ஒருத்தி, பின்ன இருக்காதா என்று இன்னொருத்தி. பூசாரிக்கு விஷயம் தெரியும், வேர்த்து ஊற்றுகிறது, போய்ப் பூவைத் தொட முடியுமா, இத்தனை பேர் பார்க்கிறார்களே. மூன்றாம் தடவையும் சொன்னார். வருஷா வருஷம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி கணீரென்று சொல்கிறவருக்குக் குரல் எழும்பவில்லை. தப்பு என்கிற இடத்தில் நின்றுவிட்டார். அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமோ வீட்டுக்குள் பேசுகிற மாதிரி, வா பாப்பா, போதும், வீட்டுக்கு வா பாப்பா என்றார். அம்மனை இந்த ஊரில் ஒருத்தரும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை, எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிடப்பட்டவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பூ விழுந்தது. மேளம் கொட்டினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், பால் சொசைட்டிக்காரர்தான் எல்லாரையும் விடச் சத்தமாக அழுதார், அதிலும் முதல் இடம் அவருக்கு வேண்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன், பின்பக்கமிருந்து ஒரு காக்கை வந்து தோளில் உட்கார்ந்து எழும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. காக்கையை யார் அனுப்பினது என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

அன்று பகல் முழுக்க உங்கப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னங்க என்றால் காற்று வாங்குகிறாராம். தையல்காரம்மா மகள் எதிரே போனபோது எழுந்து நின்று, அடிக்கடி வந்துட்டுப் போம்மா என்றார், அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். சாயங்காலம் அம்மன் ஏரிக்கரைக்குத் திரும்பினாள், தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. நானும் போய்க் கதவில் கை வைத்தேன். விடு, புழுக்கமா இருக்கு என்றார். வெளியே தூறல், குளிரில் எனக்கு முழங்கால் இழுக்கிறது, இவருக்குப் புழுக்கமாம். விட்டுவிட்டேன்.

ஆகவே என் பதில் இதுதான். வா. லீவு விட்டதும் வா, திருவிழா அன்றைக்கு வேண்டாம், சாதாரணமாக ஒரு செவ்வாய் புதன் பார்த்து வா. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே, காத்திருக்க அம்மனுக்கு வேறு வேலையில்லை, உனக்கு ஆபீஸ் இருக்கிறது. வாசலில் நின்று மன்னிப்பு எதிர்பார்க்காதே, அவருக்கு அது சொல்ல வராது, கல்லிடம் சொல்லவே அவ்வளவு பாடு. நேராக உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பசிக்கிறது என்று சொல், மீதி தானாக நடக்கும். மாப்பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, அவர் மண்வெட்டியோடு வந்தாலும் சரி, கிரீடம் இல்லையென்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். குட்டிக்கு வழியில் ஐஸ் வாங்கிக் கொடுக்காதே, தொண்டை கட்டும். என் முழங்காலுக்கு நீ போன தடவை அனுப்பின தைலம் இரண்டு பாட்டில் கொண்டு வா. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, மறக்காதே.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் முகம் கோணாமல் இருக்க அந்தக் கதவில்லாதவள் பார்த்துக்கொள்ளட்டும். குட்டிக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் வரவுக்குப் பாயைத் தட்டிப் போட்டிருக்கும்
அம்மா

பின்குறிப்பு: இதை ஒட்டி மேஜைமேல் வைத்திருந்தேன். காலையில் நடக்கக் கிளம்பினவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறைமேல் பேனாவால் என்னவோ கிறுக்கினார். என்ன பண்றீங்க என்றேன். வீட்டு நம்பர் தப்பு, அவங்க வீடு மாறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நீ இன்னும் பழைய நம்பரையே போடுற, ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்திப் போட வேண்டியிருக்கு என்றார், ஏதோ நான் அவர் ஆபீஸில் வேலை பார்க்கிற மாதிரி. உள்ளே இருப்பதைத்தானே படிக்கக்கூடாது, நீ அனுப்புகிற உறைகளின் முதுகில் இருக்கிற விலாசத்தைப் படித்திருக்கிறார். இதை உனக்கு எழுதவேண்டும் என்று உறையைக் கிழித்துவிட்டேன். நல்ல உறைய வீணாக்கிட்டியே என்று திட்டிவிட்டு, உள்ளே போய்ப் புதிதாக ஒன்று எடுத்து வந்து, எதையும் பார்க்காமல் விலாசம் முழுக்க அவரே எழுதினார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு தடவை உறையைப் பார், அதில் உன் பேரை எழுதியிருப்பது நான் இல்லை.